கடல் கடந்த நம் முன்னோரும் கோவில் பதிவேடுகளும்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய கதை, பங்குத் தந்தையர் வரிசை, கொடியேற்றம், தேர் பவனி ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதுவார்கள். இங்கே இருந்தவர்களைப் பற்றியன்றி, இங்கிருந்து போனவர்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத நாம் முன்வந்தோம். போனவர்களும் நம் பங்குகளில் தண்ணீர் வார்க்கப்பட்டவர்களே. அவர்கள் பேரும் நம் புத்தகங்களில்தான் இருக்கிறது.

திருநள்ளாறு என்றால் வெளியூரார்க்கு நினைவு வருவது சனீஸ்வரன் கோவிலும் நளதீர்த்தமும். அங்கு வரும் கூட்டத்தில் சில வேளைகளில் முகத்தைப் பார்த்தால் நம்மவர், வாயைத் திறந்தால் பிரெஞ்சு, என்று சிலரைக் காணலாம். ரெயூனியன் தீவிலிருந்தோ, குவாதலூப், மார்த்தினிக் என்னும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தோ வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவரும் காகிதத்தில் ஒரு கப்பலின் பேர், ஓர் எண், ஒரு வயது, 'காரிக்கால்' என்று ஒரு சொல் இருக்கும். அதைக் காட்டி, "எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ஊர் எது?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார். அப்படிக் கைவிரிக்க வேண்டியதில்லை என்பதே நம் கட்சி.

அவர்கள் போன கதை

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலேயர் பலமுறை பிடித்துப் பலமுறை விட்டார்கள். 1817-இல் திரும்பக் கிடைத்த பிறகு 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு மண்ணாகவே இருந்தது. தஞ்சை ஜில்லாவின் வயிற்றுக்குள் ஒரு சிறு பிரெஞ்சுத் துண்டு. வாய்க்காலைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு சட்டம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. அப்போது புர்போன் என்ற பழைய பேர் மாறி ரெயூனியன் ஆன தீவில் மட்டும் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானின் கரும்புத் தோட்டத்தில் தொடர்ந்து நிற்க விரும்பவில்லை. அது மனித இயல்பு. தோட்டக்காரர்கள் வேறு கைகளைத் தேடினார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் கண்ணில் பட்டன. 1849 தொடங்கி ரெயூனியனுக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 1853 மே 6-ஆம் நாள் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரை மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பில் முதல் கூட்டத்தை இறக்கியது. நற்கருணை நாதரின் பிறப்பு நாளை ஒட்டி, மூன்று மாதக் கடற்பயணம் முடிந்து, பேர் தெரியாத கரையில் அவர்கள் காலூன்றினார்கள்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்கு, பெண்ணுக்குப் பத்து. சோறும் துணியும் மருந்தும் முதலாளி பொறுப்பு. காலம் முடிந்தால் இலவசமாகத் திருப்பியனுப்ப வேண்டும். ஏட்டில் இவ்வளவும் இருந்தன. ஆள் சேர்த்தவர்கள் மேஸ்திரிகள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. ஆங்கிலேயர் எல்லைக்குள் அவர்கள் பகிரங்கமாக ஆள் பிடிக்க முடியாதபோது, "காரைக்காலில் வேலை இருக்கிறது, வா" என்று சொல்லி எல்லை தாண்டி அழைத்து வந்தார்கள். வந்தவரை டிப்போவில் வைத்துக் கப்பல் ஏற்றினார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுபோகிறார்கள் என்று தஞ்சையின் ஆங்கில அதிகாரிகள் புகார் எழுதினார்கள். பின்னர் 1860-லும் 1861-லும் இரு வல்லரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து ஆட்களைச் சேர்க்க அனுமதி கிடைத்தது. பதிலுக்கு ஆங்கிலேயரின் பிரதிநிதி ஒருவர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து கப்பலேறுவோரை மேற்பார்வை செய்தார். ஆண்கள் மட்டும் போகக்கூடாது, நாலு ஆணுக்கு ஒரு பெண்ணாவது வேண்டும் என்றும் விதித்தார்கள்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் காலத்தில் மேஸ்திரிக்கு வேலை மிச்சம். பசியே ஆள் சேர்த்துக் கொடுத்தது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது 1898-இல்தான். ஆகவே டிப்போவுக்குப் போனவர்கள் வண்டியிலோ கால்நடையாகவோதான் வந்திருக்க வேண்டும். மேற்கேயிருந்து வந்தவர்களில் நம் திருநள்ளாற்றுப் பாதையில் நடந்தவர்கள் எத்தனையோ.

மொத்தக் கணக்கைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். ரெயூனியனுக்கு ஏறத்தாழ 1,18,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000, மார்த்தினிக்குக்கு 25,500, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்கு 8,500 அளவில். அவர்களில் மார்த்தினிக்கிலிருந்து திரும்பியவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. குவாதலூப்பிலிருந்து திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் அங்கேயே மாண்டார்கள் அல்லது அங்கேயே வாழ்ந்தார்கள். ரெயூனியனில் நடந்த கொடுமைகளை விசாரிக்க 1877-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் பிரதிநிதிகள் இருவர் போனார்கள். அதன் பிறகும் நிலைமை சீர்படாததால் 1882-இல் ஆங்கிலேயர் அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். 1880-களின் இறுதிக்குள் மற்றத் தீவுகளின் கதையும் முடிந்தது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டதை நாடறியும். அவர் பத்தாண்டு வாழ்ந்த புதுச்சேரியின் துறையிலிருந்தே அதற்கு ஒரு தலைமுறைக்கு முன் இத்தனை பேர் போனார்கள் என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

'காரிக்கால்' என்றால் எந்த ஊர்?

தேடி வருகிறவர் முதலில் அறிய வேண்டிய செய்தி இது. கப்பல் பதிவில் 'காரிக்கால்' என்றிருந்தால் அது பெரும்பாலும் கப்பலேறிய துறை. பிறந்த ஊர் அன்று. பிறந்த ஊர் கும்பகோணத்துப் பக்கமாக இருக்கலாம், நாகப்பட்டினமாக இருக்கலாம், திருச்சிராப்பள்ளிச் சீமையாகவும் இருக்கலாம். அவர் இந்துவா, முகமதியரா, வேதக்காரரா என்பதையும் விசாரிக்க வேண்டும். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். இதை மறைத்து எல்லாரும் நம் பங்கு மக்கள் என்று சொந்தம் கொண்டாடுவது சரியன்று. இன்றும் அத்தீவுகளில் மாரியம்மனுக்குத் திருவிழா நடக்கிறது. மதுரைவீரனை 'மல்தெவிலன்' என்று கூப்பிடுகிறார்கள். நம் அண்டையூர் நாகூர் ஆண்டவரை 'நாகூர் மீரா' என்று அழைத்து, இந்துப் பூசையிலேயே அவருக்குக் கொடியும் ஏற்றுகிறார்கள். கடலில் காப்பாற்றியவர் என்ற நன்றி அது. நாகூருக்கும் காரைக்காலுக்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். எனவே அந்தக் கொடியைப் பற்றிக் கேள்விப்படும்போது நெஞ்சு நெகிழாமல் இருக்காது. அவர்கள் விருந்தில் வைக்கும் 'கொலொம்போ' என்ற கறி நம் குழம்புதான் என்று சொல்வாரும் உண்டு. மல்லியும் சீரகமும் மஞ்சளும் சேர்ந்த அந்தப் பொடியின் வாசம் அதற்குச் சாட்சி.

நம் கிறிஸ்தவர்களைத் தேடுவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அது பேர்ச் சங்கடம். வீட்டில் சின்னப்பன். சாமியார் லத்தீனில் எழுதிய ஞானஸ்நானப் புத்தகத்தில் பவுலுஸ். கப்பல் எழுத்தர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதியதோ சினாப்பேன், அல்லது அதனிலும் விபரீதமாக ஏதோ ஒன்று. மூவரும் ஒருவர். ராயப்பன் என்றால் பேதுரு, அருளப்பன் என்றால் யோவான், சந்தியாகு என்றால் யாகப்பர், சூசை என்றால் யோசேப்பு, சவரிமுத்து என்றால் பிரான்சிஸ் சவேரியார் என்பது நமக்குப் பாலோடு வந்த அறிவு. ரெயூனியனிலிருந்து வருகிற பேரப்பிள்ளைக்கு அதை யார் சொல்வார்? மேலும் சின்னப்பன் என்பது இந்துக்களும் வைக்கிற பேர். ஆகவே பேரை மட்டும் பிடித்துக்கொண்டு மதத்தை முடிவு செய்ய இயலாது. தகப்பன் பேரும் தாய் பேரும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

இன்னொன்று. நம் வழக்கத்தில் குடும்பப் பேர் கிடையாது; தகப்பன் பேர் முன்னெழுத்தாகும். அங்கே போனவருக்கோ அவருடைய சொந்தப் பேரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பேர் ஆயிற்று. ராமசாமி, முத்துசாமி, சிதம்பரம் எல்லாம் அங்கே வம்சப் பேர்கள். குவாதலூப்பில் இந்தியர்க்கு வாக்குரிமை கிடைக்க ஏறத்தாழ இருபதாண்டுகள் வழக்காடி 1923-இல் வென்ற ஆன்றி சிதம்பரம் அங்கே பிறந்த நம் இனத்தவர். ஆகவே இன்று 'சவரிமுத்து' என்ற குடும்பப் பேரோடு ஒருவர் வந்தால், இங்கே சவரிமுத்து வம்சத்தைத் தேடக் கூடாது. கப்பலேறிய தனி ஒரு சவரிமுத்துவைத் தேட வேண்டும்.

சைகோன் போனவர்கள்

கூலிக்குப் போனவர்கள் ஒரு வகை. உத்தியோகத்துக்குப் போனவர்கள் இன்னொரு வகை. நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவ்வகையே அதிகம் அறிமுகம். 1860-களில் கொச்சின்சீனா பிரெஞ்சுக்காரர் வசமானது. அங்கே சுங்கம், போலீஸ், சிறைச்சாலை, தபால், கலங்கரை விளக்கம், வரி வசூல் எனப் பல இலாகாக்களுக்கும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. நம் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் போனார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியான ஆணை இவர்கள் வாழ்வை மாற்றியது. சொந்தச் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றால் பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய நிலை கிடைக்கும். அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். கிறிஸ்தவர்களும், தாழ்த்தப்பட்டு வைக்கப்பட்டிருந்த மக்களும் இதில் முந்திக்கொண்டார்கள். சாதி எழுதாத ஒரு காகிதம் கையில் கிடைப்பது அவர்களுக்குச் சிறிய காரியமன்று.

துறப்பவர் ஒரு குடும்பப் பேரைத் தெரிந்தெடுத்துப் பதிய வேண்டும். ஆகவே ஒரு தகப்பனின் இரு பிள்ளைகள் தனித்தனியே துறந்து இரு வேறு பேர் எடுக்க முடிந்தது. புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' என்ற பேரை எடுத்தார் என்பது பிரசித்தம். காரைக்காலில் பிரெஞ்சுப் பேரோடு தமிழ் பேசும் குடும்பங்களைப் பார்த்து, 'கலப்புச் சந்ததி போலும்' என்று வெளியூரார் நினைப்பதுண்டு. அப்பேர் பெரும்பாலும் 1881-க்குப் பின் எழுத்தர் முன் எடுத்த பேர்தான். இரத்தத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இவர்களைப் பற்றி எழுதும்போது நாம் பெருமை மட்டும் பேசக்கூடாது. கூலிக்குப் போனவன் ஏமாற்றப்பட்டவன். சைகோன் உத்தியோகஸ்தனோ வேறொரு ஆசிய இனத்தின் மேல் வரி வசூலித்தவன், சிறைக் காவல் நின்றவன். தன் வீட்டில் தாழ்த்தப்பட்டவன், அங்கே ஆளும் கூட்டத்தின் கடைசிப் படியில் நின்றான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது வரலாறாகாது.

அயர்லாந்தின் பாடம்

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. நம்மைப் போலவே கத்தோலிக்க நாடாகிய அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1845 முதல் 1852 வரை அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம். பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எங்கும் ஐரிஷ்காரர் குடியேறினார்கள். சொந்த நாட்டில் நிலமிழந்தவர்கள், அங்கே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறியவர்களானார்கள். நம் சைகோன்காரரின் இரட்டை நிலையை ஒத்ததே இது. ஐரிஷ்காரர் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஆங்கிலேயர் பட்டாளத்தில் அவர்கள் ஏராளம். 1841 முதல் 1868 வரை சென்னைக் கத்தோலிக்கரை மேய்த்த ஜான் பென்னெல்லி ஆண்டகையே ஐரிஷ்காரர்தான்.

இன்று கோடிக்கணக்கான ஐரிஷ் வம்சத்தார் முன்னோரைத் தேடுகிறார்கள். ஆனால் 1922 ஜூன் மாதம் டப்ளினில் உள்நாட்டுப் போரில் அரசாங்க ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து போயிற்று. மக்கள் தொகைக் கணக்குகளும் உயில்களும் சாம்பலாயின. அவர்களைக் காப்பாற்றியவை பங்குக் கோவில்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள். அவை சாமியார் வீட்டு அலமாரியில் இருந்தபடியால் தப்பின. அந்நாட்டு தேசிய நூலகம் அவற்றைப் படம் பிடித்து வைத்திருந்து, 2015-இல் உலகில் எவரும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கும்படி கணினி வலையில் வெளியிட்டது. அரசாங்கம் இழந்ததைப் பங்குகள் கொடுத்தன.

நம்மிடம் என்ன இருக்கிறது?

திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் பதிவு வைக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. நம் பக்கத்தில் முதலில் சேசு சபையினரும், 1776 முதல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையினரும் அதன்படி எழுதினார்கள். ஒரு ஞானஸ்நானப் பதிவில் நாள், குழந்தையின் பேர், தாய் தகப்பன், ஞானத் தகப்பன், ஞானத் தாய், ஊர் இவை இருக்கும். அக்கால வழக்கப்படி சாதியும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். படிக்கக் கூச்சமான அந்தச் சொல்லே சில வேளை தேடுகிறவருக்கு வழிகாட்டும். தீவுகளின் குடியேற்றப் பதிவேட்டிலும் சாதி எழுதியிருப்பதால் இரண்டையும் ஒத்துப் பார்க்க முடிகிறது.

அரசாங்கப் பக்கத்தில் பிரெஞ்சுச் சிவில் பதிவு இருக்கிறது. 1880-இல் இந்தியக் குடிகள் எல்லாருக்கும் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவை முறைப்படுத்தினார்கள். இவற்றின் பிரதிகள் பிரான்சில் ஏக்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய பதிவுகளில் பெரும்பகுதியைக் கணினியிலும் பார்க்கலாம். கூலியாகப் போனவரின் எண், தகப்பன் தாய் பேர், வயது, உயரம், அங்க அடையாளம், கப்பல், முதலாளி ஆகிய விவரங்கள் இறங்கிய தீவின் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஆகவே தேடுகிறவர் முதலில் அங்கே எண்ணைப் பிடித்து, தகப்பன் தாய் பேரோடு இங்கே வர வேண்டும். வெறும் பாட்டன் பேரோடு வந்தால் பயனில்லை.

மறைமாவட்ட எல்லையும் ஒரு பொறி. காரைக்கால் பிரெஞ்சு மண்ணாதலால் புதுச்சேரி மேற்றிராசனத்திலேயே நின்றது. இன்றும் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றியுள்ள பகுதியில் கும்பகோணம் 1899-இல் தனி மேற்றிராசனமாயிற்று. நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் போர்த்துகீசியர் ஆதரவிலிருந்த மயிலாப்பூருக்கு உட்பட்டிருந்து, 1952-இல் தஞ்சைக்கு வந்தன. இரண்டு மைல் தள்ளியுள்ள கிராமத்தின் புத்தகம் மூன்றாவது மேற்றிராசனத்தில் இருக்கக்கூடும். இங்கே இல்லை என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை.

சைகோன் குடும்பங்களுக்கு ஒரு நல்ல சாவி உண்டு, பலர் அறியார். பத்தாம் பத்திநாதர் 1907-இல் வெளியிட்டு 1908 பாஸ்கா முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, ஒருவர் எங்கே விவாகம் செய்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் பேருக்கு எதிரே ஓரத்தில் எழுதப்பட வேண்டும். ஆகவே 1890-லோ 1900-லோ நம் பக்கத்தில் பிறந்து சைகோனில் மந்திரிக்கப்பட்டவரின் பேருக்கு நேரே, சிறிய எழுத்தில், அந்த நாளும் கோவிலும் துணையின் பேரும் இருக்க வேண்டும். பழைய புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் நடுப்பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். ஓரத்தைப் படியுங்கள்.

உப்புக்காற்றும் கரையானும் மழைக்காலமும் எந்த அலமாரியையும் விட்டுவைப்பதில்லை. அக்காலத்து மை தாளையே அரிக்கிறது. பழைய புத்தகத்தை வெயிலில் உலர்த்துவது, ஒட்டும் நாடா போடுவது, கிழிந்த ஏட்டைப் பசையால் ஒட்டுவது எல்லாம் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள். உலர்ந்த இடத்தில் படுக்க வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியை ஆயர் இல்லத்தில் வைப்பது போதும். கைபேசியிலேயே இன்று அது முடியும். நம் இளைஞர் சங்கத்தார் பங்குத் தந்தையின் அனுமதியோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுவார்கள். உயிரோடிருப்போர் விவரங்களை மட்டும் வெளியார்க்குக் காட்டலாகாது.

வீடுகளிலும் பொக்கிஷம் இருக்கிறது. பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் சைகோன் தபால் முத்திரையிட்ட உறை, பென்ஷன் புத்தகம், துறவுப் பத்திரம், ஜெபப்புத்தகத்துக்குள் வைத்த இறப்பு நினைவு அட்டை ஆகியவை கிடைத்தால் எரித்துவிட வேண்டாம். கூலிக்குப் போன பாட்டனைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற வீடுகள் உண்டு. வெட்கப்பட வேண்டியவன் அவனல்லன், அவனை ஏற்றிவிட்டவன். பழைய குடும்பங்களில் கல்லறைத் திருநாளுக்குப் பூசைப்பணத்தோடு பேர் எழுதிக் கொடுக்கும்போது, "கடல்மேல் போன இன்னார்" என்று ஒரு பேரைக் கடைசியில் சேர்க்கும் வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இறந்த நாள் தெரியாது, இறந்தாரா என்பதும் தெரியாது, ஆனாலும் பேரை விடவில்லை. அப்படிப்பட்ட பட்டியல் எந்த வீட்டிலாவது இருந்தால், வரும் நவம்பர் 2-க்கு முன் அதைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பேருக்கு எதிரே ஒரு கப்பலின் பேரும் எண்ணும் எழுத முடிகிறதா என்று பார்ப்போம்.